பேரிடர் நிவாரண நிதியுதவி

பேரிடர் நிவாரண நிதியுதவி என்பது புயல், வெள்ளம், நிலநடுக்கம், வறட்சி முதலியவற்றால் வீடும் பிழைப்பும் இழந்தோருக்கு அரசும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பணத்தைக் குறிக்கும். இந்தியாவில் அரசு தருவது நிவாரணமே, இழப்புக்கு ஈடு அன்று என்பதை ஒன்றிய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் பலமுறை தெளிவுபடுத்தியிருக்கிறது. இந்த எல்லைக்கோடு பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பஞ்ச நிர்வாகத்தில் போடப்பட்டது. உழவர் சாகாமலும் நிலத்தை விட்டுப் போகாமலும் பார்த்துக்கொள்ளப் பிறந்த ஏற்பாடு அது. நகரத்து வாடகை வீடும் கடையும் பட்டறையும் அன்று அதன் கண்ணில் படவில்லை. இன்றைய விதிகளிலும் அவை ஓரத்திலேயே நிற்கின்றன.

சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சம் தமிழில் தாது வருடப் பஞ்சம் எனப்படும். ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்லுடைத்தோ மண் சுமந்தோ உழைத்தவருக்குக் கூலி, உழைக்க இயலாதவருக்குக் கஞ்சித் தொட்டி என்பதே அன்றைய நிவாரணம். செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், 1877 தொடக்கத்தில் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்றார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அந்த அளவில் உழைப்பவர் உடல் தேய்ந்துபோகும் என்று எதிர்த்தார். சில மாதங்களில் சென்னை அரசு அளவைக் கூட்டியது. பக்கிங்காம் கால்வாயின் சென்னை நகர்ப்பகுதி வெட்டப்பட்டது இந்தப் பஞ்ச வேலையில்தான். ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் 1880-இல் அறிக்கை தந்தது, அதையொட்டி மாகாணங்கள் பஞ்ச விதித்தொகுப்புகளை வகுத்தன. பஞ்சத்தின் அறிகுறிகளைக் கவனிப்பது, சோதனை வேலைகளைத் திறப்பது, நிலவரியைத் தள்ளிவைப்பது என எல்லாம் அவற்றில் முறைப்படுத்தப்பட்டன. இரக்கம் அதில் இல்லாமலில்லை. ஆனால் மாட்டையும் கலப்பையையும் விற்றுவிட்டுக் குடியானவர் ஊரைவிட்டுப் போனால் வரி தர ஆளிருக்காது என்ற கணக்கே அதை நடத்தியது.

கடன் சட்டங்களில் அந்தக் கணக்கு இன்னும் வெளிப்படை. 1883-ஆம் ஆண்டின் நில மேம்பாட்டுக் கடன் சட்டம் கிணறு போன்ற பணிகளுக்கும், 1884-ஆம் ஆண்டின் உழவர் கடன் சட்டம் துயர் தணிக்கவும் விதையும் மாடும் வாங்கவும் பணம் தந்தன. தக்காவி என்று ஊர்களில் பேசப்பட்ட இக்கடன் நிலவரிப் பாக்கியைப் போலவே வசூலிக்கப்பட்டது. உழவரல்லாதார் முற்றிலும் மறக்கப்படவில்லை என்று சொல்ல இடமுண்டு. நெசவாளருக்கு அவர் தறியிலேயே வேலை தரும் வழக்கம் சென்னை மாகாணத்தில் இருந்தது. எனினும் அது கூலிதான், தொழிலை மீண்டும் நிறுத்தும் முதல் அன்று. 1934 ஜனவரி 15 நிலநடுக்கத்தில் முங்கேர், முசாபர்பூர் போன்ற நகரங்கள் இடிந்தபோது உழவுக்கென்ற சட்டங்கள் போதவில்லை. இடிந்த கட்டடங்களுக்குக் கடன் தர, பீகார்–ஒரிசா மாகாணம் அவ்வாண்டே தனிச் சட்டம் இயற்றவேண்டி வந்தது.

விடுதலைக்குப் பின் நிவாரண நிதியை வகுக்கும் பொறுப்பை நிதி ஆணையங்கள் ஏற்றன. 1990-இல் பேரிடர் நிவாரண நிதியும், 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி 2010 முதல் மாநிலப் பேரிடர் மீட்பு நிதியும் வந்தன. பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றியம் 75 விழுக்காடும் மாநிலம் 25 விழுக்காடும் போடுகின்றன. பெயர்கள் மாறினாலும் நிவாரணப் பட்டியலின் உழவுச் சாய்வு மாறவில்லை. 2022–26 காலத்து விதிகளில் 33 விழுக்காட்டுக்கு மேல் அழிந்த மானாவாரிப் பயிருக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய், கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய். முழுதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000 ரூபாய். ஆனால் வீடு அனுமதி பெற்றுக் கட்டியதாக இருக்கவேண்டும். புறம்போக்கில் இருப்பவர் இங்கேயே தடுக்கி விழுகிறார். வாடகைக்கு இருப்பவருக்கு வீட்டுத்தொகை இல்லை. துணிக்கும் பாத்திரத்துக்கும் தலா 2,500 ரூபாய் கிடைக்கலாம். கைத்தறி, கைவினைஞருக்குக் கருவிக்கு 5,000, மூலப்பொருளுக்கு 5,000. மாட்டுக்கொட்டகைக்குக்கூட 3,000 ரூபாய் உண்டு. மளிகைக்கடை, தையற்கடை, லேத் பட்டறை, அச்சகம் ஆகியவற்றுக்குப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

வணிகர் இலாபத்தைத் தாம் வைத்துக்கொண்டு இழப்பை மட்டும் பொதுப்பணத்தின் தலையில் கட்டலாமா, அவர்களுக்குக் காப்பீடு இருக்கிறதே என்பது இவற்றையும் பட்டியலில் சேர்ப்பதற்கு எதிரான வலுவான மறுப்பு. 2021 ஏப்ரல் முதல் வீடுகளுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா, 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துள்ள தொழில்களுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா ஆகிய பொதுவடிவப் பாலிசிகள் வந்துள்ளன. வெள்ளமும் புயலும் அவற்றில் அடங்கும். ஆனால் இந்த வாதம் உழவரிடம் வைக்கப்படுவதில்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் காரிஃப் பருவ உணவுப் பயிருக்கு உழவர் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, மீதிப் பிரீமியத்தை அரசுகள் செலுத்துகின்றன; அதற்கு மேல் நிவாரணமும் உண்டு. அது சரியானதே. அதே சலுகையில் ஒரு சிறுபங்கும் பெட்டிக்கடைக்கு ஏன் இல்லை என்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் காண்பது கடினம். கடன் போதும் என்பாரும் உளர். ரிசர்வ் வங்கியின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறைகள் தவணையை மாற்றியமைக்கவும் புதுக்கடன் தரவும் வங்கிகளுக்கு வழிவகுத்தன. அந்தச் சலுகை வங்கியில் ஏற்கெனவே கணக்கு வைத்துக் கடன் வாங்கியவருக்கே முதலில் எட்டும்; தண்டலுக்கு வாங்கிச் சரக்குப் போட்டவருக்கு எந்த வங்கியும் தவணையைத் தள்ளிவைக்க முடியாது. சரக்கே நனைந்து போனபின் கடன் மேல் கடன் என்பது அவர் சுமையைக் கூட்டவும் செய்யும்.

தமிழ்நாடு இழப்பை அளக்கும் வேலையைத் தவிர்த்து, 2015 வெள்ளத்துக்குப் பின் குடிசைக்கு 10,000, பிற வீடுகளுக்கு 5,000 ரூபாயும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாயும் கொடுத்தது. விரைவும் எளிமையும் இதன் பலம்; அம்பத்தூர் பட்டறைக்கும் மாடிவீட்டுக்கும் ஒரே தொகை என்பது இதன் குறை. பதினைந்தாம் நிதி ஆணையம் 2021–26-க்கு மாநிலப் பேரிடர் நிதிகளுக்கென வகுத்த 1,60,153 கோடி ரூபாயில் 30 விழுக்காடு மீட்டெடுப்புக்கும் மறுகட்டுமானத்துக்கும் ஒதுக்கப்பட்டது. கடைக்கும் பட்டறைக்கும் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதானால் அதற்குரிய இடம் அதுவே.