ஒரே வெள்ளி, ஒரே கழுகு, இரண்டு விலை

(சற்று நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.)

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் பரிசாகத் தந்த பெரிய வெள்ளி நாணயம் ஒன்று உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கலாம். ஒரு பக்கத்தில் உதிக்கும் சூரியனை நோக்கி நடக்கும் பெண். மறுபக்கத்தில் மார்பில் கேடயம் தாங்கிய கழுகு. ஓரத்தில் "ஒரு டொலர்" என்று எழுதியிருக்கும். அதை நகைக்கடைக்குக் கொண்டுபோனால் தராசில் வைத்து நிறைக்கு ஒரு விலை சொல்வார்கள். சில நாணயங்களுக்கு அது நியாயமான விலை. சிலவற்றுக்கோ அது பெரிய நட்டம். இதற்கு எதிர்மாறாக, நிறைக்கு மட்டுமே பெறுமதியான நாணயத்தை வெல்வெட் பெட்டியில் வைத்து "அபூர்வமானது" என்று பல மடங்கு விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு பக்கத்தாலும் ஏமாறாமல் இருக்க வேண்டுமென்றால், இந்த நாணயம் ஏன் பிறந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

அமெரிக்க அரசு பாதுகாப்புத் தேவைக்கென்று பெருந்தொகை வெள்ளியைச் சேமித்து வைத்திருந்தது. 1980 ஜனவரியில் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததால் ஒரு அவுன்ஸ் விலை 50 டொலரை நெருங்கியது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அந்த விலை உடைந்து விழுந்தது. 1981இல் ரீகன் அரசு, வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறையைக் குறைக்கச் சேமிப்பு வெள்ளியை விற்கப் புறப்பட்டது. வெள்ளிச் சுரங்கங்கள் நிறைந்த ஐடாஹோ மாநிலத்தின் பிரதிநிதிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவ்வளவு வெள்ளியும் ஒரேயடியாகச் சந்தைக்கு வந்தால் சுரங்கத் தொழிலாளர்களின் வயிற்றில் அடி விழும் அல்லவா?

ஐடாஹோவின் செனட்டர் ஜேம்ஸ் மெக்லூர் முன்வைத்த தீர்வுதான் இந்த நாணயம். வெள்ளியைக் கட்டிகளாகக் கொட்டாமல், நாணயங்களாக அடித்து உலகெங்கும் சிறுகச் சிறுக விற்பது என்பதே அவரது யோசனை. 1985 ஜூலை 9ஆம் திகதி அது சட்டமானது. 1986 ஒக்டோபர் 29இல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் நாணயம் அடிக்கப்பட்டு, நவம்பர் 24இல் விற்பனைக்கு வந்தது. பெண்ணின் உருவம் புதியதல்ல. 1916இல் அடொல்ப் வைன்மன் அரை டொலர் நாணயத்துக்காக வடித்தது. கழுகை வடித்தவர் ஜோன் மெர்கண்டி.

அளவுகளைக் குறித்துக் கொள்ளுங்கள். 1000இல் 999 பங்கு தூய வெள்ளி. நிறை ஒரு ட்ரோய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். நமது 8 கிராம் பவுண் கணக்கில் சொன்னால் நான்கு பவுணுக்குச் சற்றுக் குறைவு. விட்டம் 40.6 மில்லிமீற்றர். எந்த வகையாக இருந்தாலும் இந்த அளவுகள் மாறாது. ஆகவே தராசு உங்களுக்கு வகையைச் சொல்லாது. போலியை மட்டுமே காட்டிக் கொடுக்கும்.

தொடக்கத்திலிருந்தே இந்த நாணயத்துக்கு இரண்டு வாழ்க்கை இருந்தது.

முதலாவது, முதலீட்டு நாணயம். ஆங்கிலத்தில் புல்லியன் என்பார்கள். இதை நாணயச்சாலை பொதுமக்களுக்கு நேரடியாக விற்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட பெரு வியாபாரிகள் சிலருக்கு மட்டும், வெள்ளியின் அன்றைய விலையோடு ஒரு சிறு தொகை சேர்த்து விற்கும். 20 நாணயம் கொண்ட குழாய்கள் 25, மொத்தம் 500 நாணயம், ஒரு பச்சைப் பெட்டிக்குள் போகும். தனிப் பெட்டியோ சான்றிதழோ கிடையாது.

இரண்டாவது, சேகரிப்பாளர் நாணயம். நாணயச்சாலையே நேரடியாக, பெட்டியும் சான்றிதழும் கொடுத்துக் கூடிய விலைக்கு விற்பது. இதில் பிரதானமானது புரூப். மெருகேற்றிய வெள்ளி வட்டில், விசேடமாகத் தயாரித்த அச்சால் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடிப்பார்கள். வெற்றிடம் கண்ணாடிபோல் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும். உருவங்கள் பனி படிந்ததுபோல் வெண்மையாக எழுந்து நிற்கும்.

இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

1. கழுகுப் பக்கத்தைத் திருப்பி, வாலுக்கு இடப்பக்கத்தைப் பாருங்கள். புரூப் நாணயத்தில் அங்கே ஒரு சிறு ஆங்கில எழுத்து இருக்கும். 1986 முதல் 1992 வரை சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் எஸ். 1993 முதல் 2000 வரை பிலடெல்பியாவைக் குறிக்கும் பி. 2001இலிருந்து பெரும்பாலும் வெஸ்ட் பொயின்ட்டைக் குறிக்கும் டபிள்யூ. முதலீட்டு நாணயத்தில், எந்த ஊரில் அடித்திருந்தாலும், எழுத்து இருக்காது.

2. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஆழமான கண்ணாடிப் பளபளப்பு புரூப்புக்கு உரியது. முதலீட்டு நாணயத்தின் மினுக்கம் சாதாரணமானது.

3. 2006இல் வந்த மூன்றாவது வகைதான் பலரைக் குழப்புவது. மெருகூட்டிய வட்டில் அடித்த சேகரிப்பாளர் நாணயம் இது. கண்ணாடிபோல் மின்னாது, தூரத்தில் பார்த்தால் முதலீட்டு நாணயம்போலவே இருக்கும். இங்கே கண்ணை நம்பாதீர்கள், எழுத்தைத் தேடுங்கள். அனேகமாக டபிள்யூ இருக்கும்.

4. கழுகின் வடிவம் 2021இன் நடுப்பகுதியில் மாறியது. எமிலி டம்ஸ்ட்ரா வரைந்த புதிய கழுகு கிளையொன்றைச் சுமந்து தரையிறங்குகிறது. போலியைத் தடுக்க விளிம்பு வரிகளில் ஓரிடத்தில் வேண்டுமென்றே இடைவெளியும் விட்டார்கள். ஆகவே 2021 என்று பொறித்த நாணயத்தில் இரண்டு கழுகுகளும் உண்டு, இரண்டும் உண்மையானவை.

அந்தச் சிறு எழுத்தின் பெறுமதி என்ன? 1995ஐப் பாருங்கள். நாணயத் தொடரின் பத்தாவது ஆண்டுக்காக நான்கு தங்க நாணயங்கள் கொண்ட தொகுதி ஒன்றை 999 டொலருக்கு விற்றார்கள். அதனோடு டபிள்யூ எழுத்துள்ள வெள்ளிப் புரூப் ஒன்றும் வந்தது. தனியாக அதை வாங்க வழியில்லை. வெள்ளி மட்டும் சேர்ப்பவர்கள் தங்கத்துக்கும் பணம் கொடுக்க வேண்டிய நிலை. கோபமடைந்த பலர் வாங்காமல் விட்டார்கள். 30,125 மட்டுமே விற்பனையானது. அன்று வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டதுதான் இன்று முழுத் தொடரிலும் அதிகம் தேடப்படும் நாணயம். அதே ஆண்டின் பி எழுத்துள்ள புரூப்புக்கோ எழுத்தில்லாத நாணயத்துக்கோ அந்த மதிப்பு இல்லை. எழுத்தை மாற்றியும் ஒட்டியும் ஏமாற்றுவது நாணய வியாபாரத்தில் பழைய தந்திரம் என்பதால், இப்படியான நாணயத்தை அறிந்தவர்களிடம் காட்டாமல் வாங்கக் கூடாது.

இந்த இரண்டு வாழ்க்கையும் ஒன்றோடொன்று மோதிய ஆண்டும் உண்டு. 2008 நிதி நெருக்கடியில் மக்கள் வெள்ளியை நோக்கி ஓடினார்கள். 2007இல் சுமார் 90 இலட்சமாக இருந்த முதலீட்டு நாணயங்கள் 2008இல் 2 கோடியைத் தாண்டின, 2009இல் 3 கோடியைத் தாண்டின. வெள்ளி வட்டுகள் போதவில்லை. பொதுமக்களின் தேவைக்குப் போதுமான அளவு முதலீட்டு நாணயம் அடிக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். சேகரிப்பாளருக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே 2009இல் புரூப் வெளிவரவே இல்லை. "2009 புரூப்" என்று யாராவது உங்களிடம் நீட்டினால், அது நாணயச்சாலை வெளியிட்டது அல்ல. இந்த ஒரு தகவலே ஒருவரின் காசைக் காப்பாற்றப் போதுமானது.

எழுத்தும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. 2015இல் அடிக்கப்பட்ட 4 கோடி 70 இலட்சம் முதலீட்டு நாணயங்களில் 79,640 மட்டும் பிலடெல்பியாவில் அடிக்கப்பட்டன. எழுத்து இல்லை. மற்றவற்றோடு எந்த வேறுபாடும் இல்லை. இது தெரியவந்ததும், முத்திரை உடையாத பெட்டிகளுக்கு விலை ஏறியது. பெட்டியைத் திறந்து நாணயத்தைக் கலந்துவிட்டால், உலகில் எந்த நிபுணராலும் அதைத் திரும்ப அடையாளம் காண முடியாது.

வரலாறு கற்பிக்கும் நாம் வகுப்பில் பொருட் சான்று, எழுத்துச் சான்று என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறோம். இந்த நாணயம் அதற்கு நல்ல உதாரணம். புரூப்பை அதன் உடலே காட்டிக் கொடுக்கும். 1995 நாணயத்துக்கு ஓர் எழுத்து சாட்சி. 2015 நாணயத்துக்கு வெளியே இருக்கும் காகிதம் மட்டுமே சாட்சி. ஒருவர் விலை சொல்லும்போது, அவருடைய கதைக்கு இதில் எந்தச் சான்று இருக்கிறது என்று கேட்கப் பழகுவோம். கதை மட்டும் இருந்து சான்று இல்லையென்றால், வெள்ளியின் நிறைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. உங்களிடம் இந்த நாணயம் இருந்தால், புளி போட்டோ பொடி போட்டோ துலக்க வேண்டாம். புரூப்பின் கண்ணாடிப் பரப்பு ஒருமுறை கீறுப்பட்டால் திரும்பி வராது, சேகரிப்பாளர் விலையும் அதோடு போய்விடும். பெட்டியையும் சான்றிதழையும் வீசிவிடாதீர்கள். ஓரத்தைப் பிடித்துத் திருப்பி, முதலில் கழுகின் வாலருகே பாருங்கள். அதன் பிறகு நகைக்கடைக்குப் போகலாம்.

பயனுள்ளதென்று நினைத்தால் பகிருங்கள். வீட்டில் இருக்கும் நாணயத்தின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துக் கருத்துப் பகுதியில் போட்டால், சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.