எழுதுதல் என்ற வினை

எழுது என்ற வினைக்குத் தமிழில் வரைதல் என்ற பொருளும் பழையதுதான். கண்ணுக்கு மை எழுதுகிறோம். சித்திரத்தையும் எழுதுவதாகவே ஒரு காலத்தில் சொல்லிவந்தோம். குறுந்தொகையில் பரணர் கொல்லிமலைப் பாவையைக் குறிப்பிடும்போது, தெய்வம் அதை எழுதியதாகத்தான் சொல்கிறார். சொன்ன பரணருக்குப் பெயர் இருக்கிறது. செய்த கைக்கு இல்லை. ஒருவர் தெய்வம் என்கிறார், இன்னொருவர் பூதம் என்கிறார், அத்தோடு விஷயம் முடிந்தது. ஒரே வினை பின்னால் எழுத்தாளன், ஓவியன் என்று இரண்டு ஆட்களாகப் பிரிந்துவிட்டது. இந்த இருவருக்கும் இடையில் நடந்துவந்திருப்பதைக் குழந்தைகளின் படப் புத்தகத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. பெரியவர்களின் புத்தகத்தில் படம் சோடை போனாலும் வாசகன் எழுத்தைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிடுவான். எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையிடம் அந்தச் சமாளிப்பு செல்லாது.

தமிழ்ப் பத்திரிகை உலகில் இந்த உறவு பெரும்பாலும் தபால் உறவாகவே இருந்திருக்கிறது. கதை வரும். எந்தக் கட்டத்துக்குப் படம் என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் தீர்மானிப்பார். எழுதியவனும் வரைந்தவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே காரியம் நடந்துவிடும். வியாபாரப் பத்திரிகைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. சிற்றேடுகளில் ஆதிமூலத்தின் கோடுகளை அட்டையில் போட்டோம், உள்ளே கவிதையைப் போட்டோம். இரண்டும் நல்ல பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல, சுவரைத் தாண்டாமல், மரியாதையாகவே இருந்துவிட்டன.

அம்புலிமாமாவின் கதை கொஞ்சம் வேறு. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் அதைத் தொடங்கினார்கள். பிறகு அது பல மொழிகளுக்குப் பரவியது. 1952 முதல் 1980இல் இறக்கும்வரை அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் தெலுங்கின் முக்கியமான நாவலாசிரியர் கொடவட்டிகண்டி குடும்பராவ். பெரும்பாலான கதைகளில் எழுதியவர் பெயர் இருக்காது. ஆனால் படத்தின் மூலையில் சங்கரின் கையெழுத்து இருக்கும், சித்ராவின் கையெழுத்து இருக்கும். தோளில் வேதாளத்தைச் சுமந்து, வாளேந்தி நடக்கும் விக்கிரமனை எத்தனை தலைமுறைக் குழந்தைகள் பார்த்திருக்கும்! எழுதியவரைப் பெயரில்லாமல் விட்டுவிட்டு, 2020இல் தொண்ணூற்றாறு வயதில் காலமான அந்த ஓவியரின் பெயரைத்தான் அவர்கள் நினைவில் வைத்துக்கொண்டார்கள். இன்னொன்றும் கவனிக்கவேண்டும். மொழிக்கு மொழி வாக்கியங்கள் மாறின, படம் மாறவில்லை. அந்தப் பத்திரிகையின் மூலப் பிரதி எது என்று கேட்டால், படம்தான் என்று சொல்வதில் தவறில்லை. ஆனாலும் ஓவியன் கதையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வரைய உட்கார்ந்தான். சொல் முன்னால், கோடு பின்னால் என்ற வரிசை அங்கேயும் கலையவில்லை.

அந்த வரிசை கலைந்ததும் சென்னையில்தான். 1994இல் கீதா உல்ஃப் தாரா புக்ஸைத் தொடங்கினார். தொடக்க காலப் புத்தகங்களில் ஒன்று பசித்த சிங்கத்தின் கதை. எழுத்து அவருடையது, படம் இந்திரப்பிரமித் ராய். கையால் செய்த தாளில் பட்டுத்திரை அச்சில் செய்த மாதிரிப் பிரதியைப் பிராங்க்பர்ட் சந்தைக்குக் கொண்டுபோக, கனடாவிலிருந்து ஒரு பதிப்பகம் 8000 பிரதிகள் கேட்டது. அத்தனையும் கையாலேயே அச்சிடப்பட்டன. அதில் படங்கள் வார்லி பாணியைத் தழுவியவை. ராய் சாந்திநிகேதனத்திலும் வதோதராவிலும் பயின்ற நகர ஓவியர், வார்லிக்காரர் அல்ல. இதைக் குறையாகச் சொல்லவில்லை, படங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு பாணியை இரவல் வாங்குவது வேறு, அந்தப் பாணிக்குச் சொந்தக்காரர் எதிரே வந்து உட்கார்ந்து பேசத் தொடங்குவது வேறு. இரண்டாவது பின்னால் நடந்தது.

அதற்கு முன்னால் போபாலுக்குப் போகவேண்டும். ஜ. சுவாமிநாதன் சிம்லாவில் பிறந்த தமிழர், ஓவியர், 1966இல் காண்ட்ரா என்ற சிற்றேட்டை நடத்தியவர். அதாவது நம் ஜாதி. பாரத் பவனின் கலைக்கூடத்துக்காக 1980களின் தொடக்கத்தில் அவர் அனுப்பிய இளைஞர்கள் பாட்டன்கட் என்ற ஊரில் ஒரு மண்சுவர்ச் சித்திரத்தைப் பார்த்தார்கள். அதை வரைந்தவர் ஜங்கட் சிங் ஷியாம். பர்தான் இனத்தவர். பர்தான்கள் கோண்டுகளுக்குப் பாணர்கள். பாணா என்ற நரம்புக் கருவியை மீட்டி, தெய்வங்களின் கதையையும் குலத்தின் கதையையும் பாடியவர்கள். புரவலர்கள் தேய்ந்து பாட்டு ஒடுங்கிய காலத்தில் அந்தக் கதைகள் ஜங்கட்டின் கை வழியாகத் தாளுக்கு இறங்கின. அவர் 2001இல் ஜப்பானில் இறந்துபோனார். அவரிடம் பயின்ற உறவினர்தான் பஜ்ஜு ஷியாம்.

ஆக, தாராவின் மேஜைக்கு வந்தவர்கள் வெறும் ஓவியர்கள் அல்ல, பாணர் வம்சத்தவர். இது என்ன மரம் என்று கேட்டால் அவர்களிடமிருந்து பதிலாக ஒரு கதை வரும். மரங்களின் இரவு வாழ்க்கையைப் பற்றிய 2006ஆம் ஆண்டுப் புத்தகம் அப்படித்தான் உருவாகியிருக்கிறது. பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்று மூன்று ஓவியர்கள். அவர்கள் வரைந்தார்கள், வரைந்ததைப் பற்றி இந்தியில் சொன்னார்கள். கேட்டவர்கள் அதைச் சுருக்கி ஆங்கிலத்தில் சில வரிகளாக்கினார்கள். ஒரு பக்கம் மரம், எதிர்ப்பக்கம் அந்தச் சில வரிகள். எழுத்தாளன் இங்கே கேட்பவன்; அவன் செய்யவேண்டியதெல்லாம் அதிகம் எழுதாமல் இருப்பது. கேட்பதற்கு எளிது, செய்து பார்த்தவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். அட்டையில் இருப்பவை மூன்று ஓவியர்களின் பெயர்கள்.

மூன்றாவதாக அச்சுக்காரரின் கையும் இருக்கிறது. கருப்புத் தாள்; ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை; ஒன்று காய்ந்தபின் அடுத்தது. கோண்டு ஓவியர் ஒவ்வொருவருக்கும் உருவத்தின் உட்புறத்தை நிரப்பத் தனக்கென்று ஒரு புள்ளியோ கோடோ சங்கிலியோ இருக்கும். அதுதான் அவர் கையெழுத்து. திரை ஒரு நூலிழை விலகினால் அது கலங்கிவிடும். இந்தப் புத்தகம் பிரெஞ்சிலும் ஜப்பானிய மொழியிலும் வெளிவந்தபோதும் பிரதிகள் சென்னையிலேயே அச்சாகிக் கப்பலேறின.

பஜ்ஜு ஷியாமின் லண்டன் புத்தகம் 2004இலேயே வந்துவிட்டது. 2002இல் அங்கே ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் சித்திரம் தீட்ட அழைக்கப்பட்டு இரண்டு மாதம் இருந்தார். விமானம் அவருக்குச் சிறகு முளைத்த யானை. பிக் பென் கடிகாரம் சேவல். சுரங்க ரயில் மண்புழு. 30ஆம் எண் பேருந்து வழி தவறாத நாய். பெயரிலேயே கிப்ளிங்கின் காட்டைத் தலைகீழாக்கிவிட்ட புத்தகம். சிரிஷ் ராவ், கீதா உல்ஃப் இருவரின் பெயர்களும் ‘உடன்’ என்ற சிறு சொல்லுக்குப் பின்னால் வருகின்றன. இந்த உடன் என்ற சொல்லைத் தமிழ்ப் பதிப்பாளர்கள் யாராவது கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

மரப் புத்தகத்தை ஒருமுறை பைல் நாட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தேன். தங்கிய வீட்டில் ஆங்கிலம் யாருக்கும் வராது. படத்தைக் காட்டி நானே வாய்க்கு வந்தபடி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்: பகலெல்லாம் நிழலும் பழமும் கொடுத்து உழைக்கிற மரங்கள் ஆள் அரவம் அடங்கியபின்தான் இளைப்பாறி, தம் சொந்த உருவத்தைக் காட்டும் என்று. அந்த வீட்டுப் பாட்டி நடுவில் புகுந்து, ‘பொழுது எறங்கினா மரத்துல கை வெக்கப்படாது சாமி, அது அசந்து தூங்கும்’ என்றார். பேத்தி ஒரு சில்வர் ஓக் மரத்தை வரைந்து, அதில் ஏறும் மிளகுக் கொடியை மரத்தைவிடப் பெரிதாகப் போட்டாள். ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்டேன். ‘கொடிதான காசு குடுக்குது!’ எதிர்ப்பக்கத்துக்கு வேண்டிய வரி அது. அதை எழுதிக்கொள்ள என்னிடம் காகிதம் இருந்தது. அச்சிட ஆள் இல்லை.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம். பஜ்ஜு ஷியாம் இந்தியில் சொன்னது ஆங்கிலத்தில் நிலைபெற்றுப் பாரிஸுக்கும் டோக்கியோவுக்கும் போகிறது. பாட்டன்கட்டின் குழந்தைக்கு, பைல் நாட்டுக் குழந்தையைப்போலவே, ஒரு பக்கம்தான் திறக்கிறது. கைவேலையின் விலை வேறு. ஓவியருக்கு அட்டையில் இடம் கிடைத்துவிட்டதால் சொன்ன மொழிக்கும் இடம் கிடைத்துவிட்டது என்று ஆகாது.

பின்னால் வந்த இரண்டு புத்தகங்களில், நான் மேலே சொன்ன வரிசை இன்னும் கடுமையாகக் கலைகிறது. இரண்டும் 2011இல் வந்தவை. சிறு குழந்தைகளுக்கானவை அல்ல. நவயானா வெளியிட்ட பீமாயணத்தில் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் அம்பேத்கரின் வாழ்க்கையை வரைந்தார்கள். எழுத்து ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த். சித்திரக்கதை என்றால் சதுரக் கட்டங்கள் என்ற நியதியை ஓவியர்கள் ஏற்க மறுத்தார்கள். வீட்டுச் சுவரிலும் தரையிலும் இடும் திக்னா கோலமே பக்கத்தைப் பிரித்தது. பேச்சுக் குமிழையும் விட்டுவைக்கவில்லை: அன்பான பேச்சு பறவை வடிவில், விஷப் பேச்சு தேள் கொடுக்கோடு. எழுத்தாளன் போட்ட வாக்கியத்துக்கு என்ன குரல் என்று ஓவியர் தீர்ப்புச் சொல்கிறார்.

மற்றது தாராவின் சீதை ராமாயணம். மொய்னா சித்ரகார் வங்கத்துப் பட்டுவா. சுருளை அவிழ்த்து விரலால் காட்டிப் பாடும் மரபு. அவருடைய சித்திரங்கள் முதலில், சம்ஹிதா ஆர்னியின் வாக்கியங்கள் பிறகு. ராமனை நாயகனாக வைத்து எழுதப்போனால் அந்தப் படங்கள் இடம் கொடுக்காது. போரில் புருஷனையும் பிள்ளையையும் இழந்த பெண்களின் அழுகைதான் அவற்றில் நிறைந்திருக்கிறது. காட்டில் விடப்பட்ட சீதை தானே சொல்வதாகக் கதை அமைந்தது. இதே சம்ஹிதா எட்டு வயதில் மகாபாரதம் எழுத ஆரம்பித்தவர். 1996இல் தாரா அதைப் புத்தகமாக்கியது. படங்களும் அவரே போட்டவை.