ஒரு மலைக்கிராமமும் மூன்று இறாக்கைகளும்

பெண்ணும் இயற்கையும் எண்டு ஆய்வுத் தலைப்பு எடுத்தால் எல்லாரும் முதலில் போய் நிற்கிற இடம் சிப்கோ. நாங்களும் அப்பிடித்தான்.

1974 மார்ச் 26. இமயமலைப் பக்கம், ரேணி கிராமம். ஆம்பிளையள் நட்டஈட்டுக் காசு வாங்க சமோலிக்குப் போயிருந்த நேரம் மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் காட்டுக்குள் போய் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இவ்வளவும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். ஏன் அப்படிச் செய்தார்கள் எண்ட கேள்வியில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இதுக்கெண்டு நூலகத்தில் தனி இறாக்கை இல்லை. டூயி பகுப்பில் பெண்கள் 305.4, மனிதச் சூழலியல் 304.2, இயற்கை வளம் 333.7, இந்திய வரலாறு 954. ஒரு இறாக்கைக்கு முன்னால் மட்டும் நிண்டால் ஒரு பதில்தான் கையில் வரும்.

வந்தனா சிவாவின் 'ஸ்டேயிங் அலைவ்' (1988) பெண்களுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவிலிருந்து சிப்கோவை விளக்குகிறது. ராமச்சந்திர குஹாவின் 'தி அன்குவயட் வூட்ஸ்' (1989) அதைக் குடியானவர் போராட்டமாக, காலனிய காலத்து வன எதிர்ப்புகளின் தொடர்ச்சியாகப் பார்க்கிறது. பீனா அகர்வால் 1992இல் 'ஃபெமினிஸ்ட் ஸ்டடீஸ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரை வேறு இடத்தில் கை வைக்கிறது: எல்லாப் பெண்களும் ஒண்டு இல்லை, விறகும் புல்லும் சுமப்பது யார், நிலம் யாருடைய பெயரில் இருக்கு எண்டு பாருங்கோ என்கிறது. டோங்ரி பைந்தோலியில் கருவாலிக் காட்டை உருளைக்கிழங்குப் பண்ணைக்குக் கொடுக்க ஊர் ஆண்கள் சம்மதித்தபோது பெண்கள் எதிர்த்தார்கள். காடு போனால் விறகுக்குத் தூரம் நடக்கப்போவது அவர்கள்தானே.

சஞ்சிகைக் கட்டுரைகள் நூலகப் பட்டியலில் தனித்தனியாகப் பெரும்பாலும் வராது. அடிக்குறிப்பைப் பிடித்துத்தான் போகவேணும். அடிக்குறிப்பு இன்னொண்டும் காட்டும்: பத்துப் புத்தகம் ஒரே புத்தகத்தை மேற்கோள் காட்டினால் அது பத்துச் சான்று இல்லை, ஒண்டுதான்.

இந்த மூண்டு பேரும் ரேணிக்காரர் இல்லை. நாங்கள் பார்த்த மூண்டும் சம்பவம் நடந்து 14 வருசமாவது கழிந்து வந்தவை. அதனால் அவை பிழை எண்டு ஆகாது. ஆனால் எழுதினவர் யாரிடம் கேட்டார், எப்ப கேட்டார் எண்டு பாராமல் மேற்கோள் எடுத்தால், கௌரா தேவி ஏன் காட்டுக்குப் போனார் எண்டதை அவருக்குப் பதிலாக நாங்களே சொல்லிவிடுவோம்.