சுருட்டும் இல்லறமும்

சென்ற மாதம் என் முன்னாள் மாணவர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். மணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கணவனும் மனைவியுமாக வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள். அங்கே சுருட்டுப் பிடிப்பதற்கென்றே இருக்கும் கூடம் ஒன்றுக்கு வார இறுதிகளில் அவர் போவதுண்டாம். இப்போது மனைவியும் உடன் வந்து பழக விரும்புகிறாராம். "ஊரில் தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்றிருக்கிறது ஐயா. நம் பண்பாட்டில் இதற்கு இடமுண்டா?" என்று கேட்டார். தமிழாசிரியன் என்றாலே பண்பாட்டுக்குப் பட்டா வழங்குகிறவன் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. சங்க இலக்கியத்தில் புகையிலையே இல்லை என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் அப்பத்தாவின் நினைவு வந்தது.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்குப் பக்கம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் தாத்தா திண்ணையில் வந்து உட்காருவார். அப்பத்தா அடுப்படியில் சுருட்டை வாயில் வைத்து, கங்கில் பற்றவைத்து, நன்றாகக் கனன்று வரும்வரை நான்கைந்து இழுப்பு இழுத்து, பிறகு கொண்டுவந்து அவரிடம் கொடுப்பார். பாதி தீர்ந்ததும் தாத்தா அதைத் திருப்பித் தருவார். மிச்சம் அப்பத்தாவுக்கு. ஊரில் யாரும் அதை விந்தையாகப் பார்த்ததில்லை. களத்திலும் வயலிலும் உழைத்த பெண்கள் பலர் அவ்வாறே இருந்தனர்.

நாம் நம் மரபு என்று கருதும் பலவற்றைப் போலப் புகையிலையும் வந்தேறிய சரக்குதான். அமெரிக்க மண்ணின் செடியான அதனைப் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தனர். 1617இல் ஜஹாங்கீர் அதற்குத் தடை விதித்தார், தடை நிற்கவில்லை. தமிழ் அதைத் தடுக்கவுமில்லை, தூதாகவே அனுப்பிவிட்டது. சீனிச்சர்க்கரைப் புலவரின் 'புகையிலை விடு தூது', பழநி முருகன்மேல் காதல் கொண்ட தலைவி புகையிலையைத் தூது விடுவதாக அமைந்த சிற்றிலக்கியம். உ.வே.சாமிநாதையர் அதனைப் பதிப்பித்திருக்கிறார். மும்மூர்த்திகள் பெற்ற இலைகளில் இரண்டு கைவிட்டுப் போக, நான்முகனுடையது மட்டும் போகாமல் நின்றதால் அது 'போகையிலை' ஆயிற்று என்று புலவர் அதில் விளையாடுகிறார். ஒரு பெண் புகையிலையிடம் மனம் திறந்து பேசுவது அந்தக் காலத்துக் கேட்போருக்கு நகைச்சுவையாக இருந்திருக்கலாம்; நாணக்கேடாக இருந்திருக்காது.

செடியை வாங்கிக்கொண்ட நாம் சொல்லைக் கொடுத்தோம். ஆங்கிலத்தின் 'செரூட்', போர்ச்சுகீசிய மொழியின் 'சருட்டு' இரண்டுக்கும் மூலம் நம் 'சுருட்டு'தான். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்கிறார். உறையூர்ச் சுருட்டுக்கும் சர்ச்சிலுக்கும் உள்ள உறவுபற்றித் திருச்சிக்காரர்கள் சொல்லும் கதைகளை நான் இங்கே எடுக்கவில்லை. சென்னை ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டு ஆலையே நடத்தியது. துரைமார் கைக்குப் போன அந்தச் சரக்கு, விலை குறைந்த நாட்டுச் சுருட்டாக எங்கள் திண்ணைக்கும் வந்தது.

ஆனால் துரைமாரின் வீட்டில் சுருட்டு கணவனையும் மனைவியையும் பிரித்தது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் செல்வர் வீடுகளில் புகை பிடிக்கத் தனி அறை இருந்தது. ஆண்கள் அங்கே ஒதுங்கிப் புகைப்பார்கள். வாசம் ஒட்டாதிருக்க அதற்கென்று தனிச் சட்டையும் அணிவார்கள். கிப்ளிங் 1880களில் 'தி பிட்ரோத்டு' என்றொரு கவிதை எழுதினார். நானா சுருட்டா என்று முடிவு செய் என நிச்சயிக்கப்பட்ட பெண் கேட்கிறாள். அவன் நெடுநேரம் எடைபோட்டுப் பார்த்துவிட்டுச் சுருட்டைத் தேர்ந்துகொள்கிறான். மணவாக்கை மீறியதாகத் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கே அதற்குத் தூண்டுதல். அதே கிப்ளிங் 1890இல் எழுதிய 'மண்டலே'யில் ஆங்கிலச் சிப்பாய் ஏங்கும் பர்மியப் பெண்ணோ, அவன் முதலில் காணும்போதே வெண்சுருட்டுப் புகைத்துக்கொண்டிருக்கிறாள். தன் நாட்டுப் பெண்ணிடம் ஒவ்வாத புகை, அடிமைநாட்டுப் பெண்ணிடம் அழகாகிவிடுகிறது. பர்மாவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகச் சுருட்டுப் பிடிப்பதை வெள்ளையர் பலர் வியந்து எழுதினர். வேடிக்கையாகத்தான் பார்த்தனரே தவிர, அதில் இருந்த இயல்பான சமன்மையைக் கண்டதாகத் தெரியவில்லை.

நம் படித்த வீடுகள் அந்தத் தனியறையை எடுத்துக்கொண்டன என்பது என் எண்ணம். அறை கட்ட வசதி இல்லாததால், வீட்டில் இருந்த பெண்ணிடமிருந்து சுருட்டை மட்டும் பிடுங்கிக்கொண்டன. என் தந்தை அரசுப் பணியில் சேர்ந்து நகரத்துக்கு வந்ததும் அப்பத்தாவிடம் முதலில் சொன்னது அதுதான்: "நாலு பேர் வந்துபோகும் வீடு, அதை விட்டுவிடுங்கள் ஆத்தா." தாத்தாவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. உடல்நலம் கருதிய சொல்லாக இருந்திருந்தால் இருவரிடமும் சொல்லியிருப்பார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1929இல் நியூயார்க்கின் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்கள் சிகரெட்டுடன் நடந்தனர். அதை 'விடுதலையின் தீப்பந்தம்' என்று விளம்பரப்படுத்தினார் எட்வர்ட் பெர்னேஸ். அவருக்குக் கூலி கொடுத்தது புகையிலைக் கம்பெனி. முதலில் பெண்ணிடம் ஒழுக்கத்தின் பெயரால் மறுக்கப்பட்டது, பிறகு அவளிடமே உரிமையின் பெயரால் விற்கப்பட்டது. மாணவரின் மனைவியை அழைக்கும் அந்தக் கூடமும் இந்த வாணிகத்தின் நீட்சியே.

அப்படியானால் அப்பத்தாவின் பங்கு தூய உரிமையா? அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆந்திரத்தின் வடகடற்கரையில், ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினப் பகுதிகளில், 'சுட்ட' எனப்படும் நாட்டுச் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு. பெரும்பாலும் பெண்களே அவ்வாறு செய்கின்றனர். கடற்காற்றில் அணையாது, சாம்பல் இடுப்புக் குழந்தைமேல் விழாது என்று காரணம் சொல்வார்கள். ஆந்திரத்தில் அவ்வாறு புகைப்போரின் அண்ணத்தில் வரும் நோய்பற்றி 10,169 கிராமத்தாரை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1971இல் வெளிவந்தது. அந்த நெருப்பு வாயின் மேற்கூரையில் புண்ணையும் புற்றையும் வளர்க்கிறது என்பது இன்று ஐயமற்ற செய்தி.

இன்னொன்று 1981இல் வந்தது. ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆய்வாளர், புகைக்காத மனைவியர் 91,540 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கணவன் புகைப்பது கூடக்கூட, ஒருமுறையும் புகையிலையைத் தொடாத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடியதைக் கண்டார். புகையிலைக் கம்பெனிகள் அதை மறுக்கப் பெரிதும் முயன்றன. பின்வந்த ஆய்வுகள் அவர் பக்கமே நின்றன.

மாணவர் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது என்று தோன்றுகிறது. தம்பதியர் புகையைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒருவர் புகைக்கும் வீட்டில் அது எப்போதோ பகிரப்பட்டுவிட்டது. நோயில் பாதியைக் கேட்காமலே கொடுத்துவிட்டு, இன்பத்தில் பாதிக்குத்தான் பண்பாட்டைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

மறுவாரம் மாணவருக்கு நானே பேசினேன். "உன் மனைவி வரக் கூடாது என்று சொல்ல உனக்கு உரிமையில்லை. அவள் நலத்தை எண்ணினால் நீ போவதை நிறுத்து" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "இரண்டும் கஷ்டம்தான் ஐயா" என்று சிரித்தார்.

அவரிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு வகுப்புத் தோழர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாத்தா அதற்கு முந்தைய ஆண்டுதான் காலமாகியிருந்தார். அப்பத்தா யாருக்கும் தெரியாமல் மீண்டும் சுருட்டைத் தொடங்கியிருந்தார். "அப்பத்தா, கொஞ்ச நேரம் கொல்லைப் பக்கம் போய் இருங்கள்" என்று நானே சொன்னேன். மறுபேச்சின்றி எழுந்து போனார். தோழர்கள் போன பிறகு நான் பார்த்தபோது, கிணற்றடியில் பாதிச் சுருட்டை அணைத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் அணைத்துவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"பாதிக்கு மேல குடிச்சுப் பழக்கமில்லப்பா" என்றார்.