நீரிணைக்கு அடியில் ஒரு நிலம்



"நம் ஊரின் வரலாறு எங்கே தொடங்குகிறது?" என்று செண்டாயான் வட்டாரத்துப் பிள்ளைகளைக் கேட்டால், "இரப்பர் மரத்தில், ஐயா" என்பார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் அல்லவா! ஆனால், நமக்கு மேற்கே போர்ட்டிக்சன் கடலுக்கு அடியில் அதைவிட மிகப் பழைய வரலாறு ஒன்று உறங்குகிறது.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தஞ்சோங் துவானுக்கும் சுமத்ராவின் கரையோரத் தீவான ரூபாட்டிற்கும் இடையே இன்று சுமார் 38 கிலோமீட்டர் கடல். அன்று அது தரை. மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ யாவும் ஒரே நிலமாய் இணைந்திருந்தன. அறிஞர்கள் அதனைச் சுண்டா நிலம் என்பர். பனி உருகியபோது அதன் தாழ்நிலங்கள் மூழ்கின.

இதைக் கேட்டதும் ஒரு மாணவன், "ஐயா, இதுதான் குமரிக்கண்டமா?" என்றான். அன்று. சுண்டா நிலத்தில் வாழ்ந்தோர் பேசிய மொழியை நாம் அறியோம்; அவர்களைத் தமிழர் என்று உரிமை கொண்டாடச் சான்றில்லை. சான்று உள்ளதையே வரலாறு என்போம்.

சான்றுகள் எவை? பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில், குனுங் ருந்து குகையில், 1991-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜிட் குழுவினர் 'பேராக் மனிதனை' அகழ்ந்தெடுத்தனர். 10,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட அவ்வேட்டைச் சமூக மனிதனோடு கற்கருவிகளும் ஆற்று நத்தை ஓடுகளும் புதைக்கப்பட்டிருந்தன. அவன் காலத்தில் கடல் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அக்கால மக்கள் குகைகளில் மட்டுமே வாழ்ந்தனர் என்று எண்ணிவிடலாகாது. குகைத் தடயங்கள் எஞ்சின. அன்றைய கடற்கரைத் தடயங்கள் நீருக்குள் போயின.

அவற்றைக் காண இயலாதா? இயலும். ஜாவாவுக்கும் மதுரா தீவுக்கும் இடையிலான நீரிணையில், சுரபாயா அருகே, 2014, 2015-ஆம் ஆண்டுகளில் கடலை மேடாக்குவதற்காக மணல் உறிஞ்சப்பட்டது. கரையில் கொட்டிய அம்மணலை ஹரோல்ட் பெர்க்ஹாவுஸ் என்னும் நிலவியலாளர் பொறுமையாகத் தேடினார். 6,000-க்கும் மேற்பட்ட புதைபடிவங்கள் கிடைத்தன. அவற்றுள் இரண்டு, ஹோமோ எரெக்டஸ் எனும் ஆதிமனித இனத்தின் மண்டையோட்டுத் துண்டுகள். வயது ஏறத்தாழ 1,40,000 ஆண்டுகள். சில விலங்கெலும்புகளில் வெட்டுத் தழும்புகள் இருந்தன. ஆற்றங்கரையில் வேட்டையாடி உண்டவர்களின் கைத்தடயம் அது! இம்முடிவுகள் 2025-இல் வெளியாயின.

ஒருவர் குனிந்து தேடியதால் அவ்வரலாறு கிடைத்தது. தேடாதிருந்தால் அது கட்டடங்களுக்கு அடியில் புதைந்திருக்கும். நம் நீரிணையின் கரையிலும் கடல் மேடாக்கப்படுகிறது. அங்குக் கொட்டப்படும் மணலில் எவரெவர் எலும்புகள் கலந்துள்ளனவோ? இரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் போய் வீடமைப்பு வந்ததைக் கண்டவர்கள் நாம். தடயமின்றி ஒரு வாழ்வு மறைவதன் வலி நமக்குத் தெரியாததா?

அடுத்த முறை போர்ட்டிக்சன் மணலில் நிற்கும்போது, பிள்ளைகளிடம் கடலைக் காட்டி, "அங்கே மனிதர் நடந்தனர்" என்று சொல்லுங்கள். ஆராயும் ஆவல் அங்கிருந்து பிறக்கட்டும்.