நினைவும் பதிவேடும்

பிள்ளைப் பருவத்துக் கொடுமைகள் பின்னாளில் புற்றுநோய்க்கு வழிவகுக்குமா? இதை ஆராய்ந்த இரண்டு ஆய்வுகளைச் சேர்த்து வாசித்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலாவது அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்தது. உடல் எடையைக் குறைக்க வந்தவர்களில் பலர், எடை நன்றாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே சிகிச்சையைக் கைவிட்டார்கள். மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி காரணம் விசாரித்தார். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் அவர்களில் நிறையப் பேர் இருந்தார்கள். பிறகு ராபர்ட் ஆண்டா முதலியோருடன் சேர்ந்து அவர் நடத்திய ஆய்வின் முதல் கட்டுரை 1998-ல் வந்தது. 9,508 பேரின் பதில்கள் அதில் இருந்தன. வசவு, அடி, தாய் அடிவாங்குவதைப் பார்த்தது, வீட்டில் குடி முதலான ஏழு வகைத் துன்பங்கள். நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு, எதையும் அனுபவிக்காதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

ஆனால் இது பெரியவர்கள் நினைவிலிருந்து சொன்னது. நோயில் இறந்துபோனவர்கள் படிவத்தை நிரப்ப வரவில்லை.

பிரிட்டனில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை அன்றிலிருந்து தொடர்ந்த ஆய்வில், துன்பங்களை நினைவிலிருந்து கேட்கும் குறை இல்லை. 7, 11, 16 வயதுகளில் பெற்றோரும் ஆசிரியர்களும் சொன்னவை அப்போதைக்கப்போதே எழுதப்பட்டன. 2013-ல் மிஷெல் கெல்லி-இர்விங் குழு அதை அலசியது. இரண்டோ கூடுதலோ துன்பங்களைச் சந்தித்த பெண்களுக்கு 50 வயதுக்குள் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்கு. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை.

அதனால் ஆண்கள் தப்பித்தார்கள் என்று சொல்ல நான் தயாரில்லை. மார்பகப் புற்றுநோய் ஐம்பதுக்கு முன்பே பலரைப் பிடிக்கிறது. ஆண்களைத் தாக்கும் புராஸ்டேட், நுரையீரல் புற்றுநோய்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகே வருகின்றன. இன்னொன்று: கதவுக்குப் பின்னால் நடந்த பாலியல் கொடுமை ஆசிரியர் கண்ணில் படாது. அது பாதிக்கப்பட்டவரின் நினைவில்தான் இருக்கும். காலவரிசைக்கு பிரிட்டன் ஆய்வை நம்புகிறேன். கொடுமையின் முழு அளவை அறிய சான் டியேகோவைத்தான் கேட்க வேண்டும்.

கொடுமைக்கும் புற்றுநோய்க்கும் இடையில் நிற்கும் ஒரு பாலம் புகையிலை. அடிபட்டு வளர்ந்தவர்கள் புகைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை சான் டியேகோ ஆய்வே காட்டியது. ஆகவே புற்றுநோயாளியிடம் “மனக்கவலைதான் உனக்கு இதைக் கொண்டுவந்தது” என்று யாரும் சொல்லாதீர்கள். கொடுமைக்குள் வளர்ந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், புகையை விட உதவுங்கள். பரிசோதனைக்குக் கூடவே போங்கள்.