கவசத்துக்கு முன் காற்று: கழிவுநீர்த் தொட்டிச் சட்டத்தை இடரறிந்து வாசித்தல்

மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, தனிநபரோ உள்ளாட்சி அமைப்போ வேறெந்த முகமையோ பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ‘அபாயகரமான துப்புரவு’க்கு எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. தடை தெளிவாகவே இருக்கிறது. சிக்கல் 2ஆம் பிரிவின் வரையறையில் தொடங்குகிறது. பாதுகாப்புக் கவசமும் கருவிகளும் கொடுக்கும் கடமையையும், முன்னெச்சரிக்கைகள் கடைப்பிடிக்கப்படுவதை உறுதிசெய்யும் கடமையையும் வேலை கொடுப்பவர் நிறைவேற்றாதபோது கையால் நடக்கும் துப்புரவே அபாயகரமானது என்று அது சொல்கிறது. இதை மேலோட்டமாகப் படிப்பவருக்கு, அபாயம் தொட்டிக்குள் இல்லை, கொடுக்கப்படாத கவசத்தில்தான் இருக்கிறது என்று தோன்றும். கையுறையும் கம்பூட்டும் கொடுத்த ஒப்பந்ததாரர் “எல்லாம் கொடுத்தேன்” என்று சொல்ல இடம் கிடைப்பது இந்த வாசிப்பினால்தான். இந்த வாசிப்பு தவறு என்பதும், அதற்கான ஆதாரம் சட்டத்துக்குள்ளேயே உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கழிவுநீர்த் தொட்டியைச் சட்டம் எப்படி வரையறுக்கிறது என்று முதலில் பார்க்கலாம். நிலத்தடியில் அமைந்த, நீர் கசியாத தொட்டி. அதில் மலம் தேங்கி நுண்ணுயிர்களால் சிதைவுறும். மூடிய இடத்தில் காற்றின்றி நடக்கும் சிதைவு மீத்தேனையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் உண்டாக்காமல் இருக்காது. ஆக, வாயு எப்போதோ நேரும் விபத்தல்ல. அந்தத் தொட்டி தொட்டியாக இயங்குவதன் விளைவு. சட்டம் தன் வரையறையிலேயே ஒப்புக்கொண்ட இந்த உண்மையை மறந்துவிட்டுக் கவசப் பட்டியலைப் படிக்க முடியாது.

ஹைட்ரஜன் சல்ஃபைடின் இயல்பு இங்கே தீர்மானமானது. காற்றைவிடக் கனமானதால் அது அடியில் தங்கும். மிகக் குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போகத் தொடங்கி, நாற்றம் தெரியாமல் போகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, நல்வாழ்வுக்கான தேசிய நிறுவனம் வகுத்திருக்கும் அளவும் அதே 100தான். அதற்குப் பல மடங்கு மேலே போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். நாற்றம் அடங்கியதைப் பாதுகாப்பின் அறிகுறியாக நம்பி இறங்குபவர் ஏமாறுவது இதனால்தான். சேற்றைக் கிளறும்போது அதில் அடைபட்டிருந்த வாயு திடீரென்று வெளிவரும் என்பதால், இறங்குமுன் ஒருமுறை சோதித்ததும் போதாது.

இனி 2013ஆம் ஆண்டு விதிகளின் கவசப் பட்டியலுக்கு வருவோம். வெளியிலிருந்து குழாய்வழி மூச்சுக்காற்று தரும் கருவி, நான்கு வாயுக்களை அளக்கும் மானி, முக்காலித் தூக்கி ஆகியவை அதில் இருக்கின்றன. தோலில் பூசும் களிம்பும் மழைக்கோட்டும் சாதாரண முகமூடியும் அதே வரிசையில் இருக்கின்றன. எது உயிரைக் காக்கும், எது தோலை மட்டும் காக்கும் என்ற தரவரிசை பட்டியலில் இல்லை. துணி முகமூடி தூசியைத் தடுக்கலாம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அது ஆக்சிஜனை உண்டாக்காது. வடிகட்டும் முகமூடிக்கும் இதுவே பொருந்தும். பட்டியலில் பத்துப் பொருள்களைக் கொடுத்து மூச்சுக்காற்றுக் கருவியை மட்டும் விட்டவரைக் கடமையின் பெரும்பகுதியை நிறைவேற்றியவர் என்று கொள்வது எந்த அளவுகோலிலும் நியாயமாகாது. இந்த இடரைப் பொறுத்தவரை அவர் எதையும் கொடுக்கவில்லை.

தொழிற்சாலைகளுக்கு இந்தத் தெளிவு முன்பே இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஒருவர் இறங்க இரண்டே வழிகளை வைத்தது: தகுதியுள்ளவர் தாமே சோதித்து எழுத்தில் சான்றளிக்க வேண்டும், அல்லது இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். ஆலைச் சுவருக்குள் இருக்கும் தொட்டிக்கு ஒரு நியாயம், வீட்டுக் கொல்லையில் இருக்கும் தொட்டிக்கு வேறு நியாயம் என்று வாயு பிரித்துப் பார்ப்பதில்லை. அபாயகரமான துப்புரவின் வரையறையே ‘வேறெந்தச் சட்டத்திலும் விதிக்கப்பட்ட’ முன்னெச்சரிக்கைகளையும் உள்ளடக்குகிறது; எனவே அந்தப் பிரிவின் அளவுகோலை இங்கே கொண்டுவருவது வலிந்து பொருள்கொள்வதாகாது. ஆலைக்கு அத்தனை நுணுக்கமாக எழுதத் தெரிந்த நாடு சாக்கடைக்கு இவ்வளவு காலம் தாழ்த்தியதற்குக் காரணம், இறங்குபவர்களின் சாதி அன்றி வேறில்லை என்றே கருதுகிறேன்.

மீட்கப் போனவர்கள் இறப்பதையும் இதே கோணத்தில் பார்க்க வேண்டும். மேற்சொன்ன அமெரிக்க நிறுவனம் 1986இல் வெளியிட்ட அறிவுரை, அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்ற இறங்கியவர்களே என்றது. முதலில் விழுந்தவரைத் தூக்க அண்ணனோ கூட வேலை செய்பவரோ இறங்கி மடியும் செய்தியைத் தமிழ்நாட்டில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! வேலையிடத்தில் குறைந்தது மூவர், அவர்களுள் ஒருவர் மேற்பார்வையாளர் என்று விதி கேட்பதை வெறும் தலைக்கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே நிற்பவர்கள் உள்ளே இறங்காமலே கீழிருப்பவரை இழுத்தெடுக்கும் ஏற்பாடு இல்லையென்றால், மூவர் என்பது மூன்று உயிரைப் பணயம் வைப்பதாகவே முடியும்.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் மாதத் தீர்ப்பில், பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக்குள் இறக்குவதை அவசர நிலையிலும் குற்றமாக்க வேண்டும் என்றது. ஒவ்வோர் இறப்புக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. 2023 அக்டோபரில் அத்தொகை 30 லட்சமானது. இழப்பீடு தேவைதான், ஐயமில்லை. ஆனால் அது இறப்புக்குப் பின் வருவது. இறப்புக்கு முன் நிற்பது விதிகளின் 3ஆம் விதி. குழாய் இணைப்பு, நீர்மூழ்கி மோட்டார் எடுத்தல் போன்ற சில வேலைகள் தவிர ஆளை இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, முற்றிலும் இன்றியமையாத நிலையில் உள்ளாட்சி அமைப்பின் தலைமை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்கலாம் என்று அது ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. பிரிட்டனின் 1997ஆம் ஆண்டு அடைபட்ட இடங்கள் விதிகளும், இறங்காமல் வேலையை முடிக்க நியாயமான வழி இருந்தால் இறங்கக் கூடாது என்றே தொடங்குகின்றன. அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், ஜெட்டிங் வண்டி வரத் தாமதம், தெரு குறுகல், செலவு கூடும் என்பவை இன்றியமையாமை ஆகா.

ஆகவே ஒவ்வோர் இறப்பு விசாரணையிலும் முதலில் கேட்க வேண்டியது கையுறை இருந்ததா என்பதல்ல. எழுத்தில் பதிந்த அனுமதி எங்கே, இறங்குமுன்னும் இறங்கிய பின்னும் வாயுமானி காட்டிய அளவு என்ன, அதைக் குறித்தவர் யார், கயிற்றின் மறுமுனை யார் கையில் இருந்தது என்பவையே கேள்விகள். இவற்றுக்கு ஆவணம் காட்ட முடியாதபோது கடமை நிறைவேறவில்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். ‘மறைமுகமாக’ என்று 7ஆம் பிரிவு சொல்வதால், அந்தப் பொறுப்பு இறங்கச் சொன்ன மேஸ்திரியோடு நிற்காமல் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவர் வரை போக வேண்டும்.